மைதானமும் மண்குவளையும்



சரித்திரம் என்றவுடன் உங்கள் உள்ளத்தில் தோன்றுவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. அவற்றைப் பயில்வது அவசியந்தான். ஆயினும் ஒரு சமுதாயம் தன் மக்களுள் யாரை எங்கே நிறுத்தி வைத்திருந்தது என்பதை அறிய விரும்புவோர், அதன் விளையாட்டு மைதானத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று. மட்டை பிடித்தவர் யார், பந்து வீசியவர் யார், இடைவேளையில் உள்ளே அமர்ந்து உண்டவர் யார், வெளியே நின்றவர் யார் என்னும் வினாக்கள் எளியவை. அவற்றின் விடைகளோ எளியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த சில கிரிக்கெட் ஆட்டங்களையும், அவற்றில் புகழ் பெற்ற பல்வங்கர் பாலூ என்னும் பந்துவீச்சாளரையும் முன்னிறுத்தி அவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். ஊதியம் பெற்று ஆடும் ஆட்டக்காரர் இன்று செல்வமும் செல்வாக்கும் உடையவராய் விளங்குகின்றார். அக்காலத்து நிலை வேறு. இங்கிலாந்தில் பொழுதுபோக்காக ஆடியவர் கனவான் எனப்பட்டார். கூலிக்கு ஆடியவர் வெறும் ஆட்டக்காரர் எனப்பட்டார். ஒரே அணியில் ஆடிய இவ்விரு சாராருக்கும் பல மைதானங்களில் உடை மாற்றும் அறைகள்கூட வெவ்வேறாக இருந்தன. இவ்வேற்றுமை 1962ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

அமெரிக்காவிலோ வேற்றுமை நிறத்தைப் பற்றி நின்றது. பேஸ்பால் என்னும் அந்நாட்டுப் பந்தாட்டம் கூலி ஆட்டக்காரர்களாலேயே வளர்ந்தது. 1905இல் நடந்த உலகத் தொடரில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் கிறிஸ்டி மாத்யூசன் மூன்று ஆட்டங்களில் பந்து வீசி, மூன்றிலும் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் வென்றார். அப்பெருஞ் சாதனை நிகழ்ந்த மைதானத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட இடம் பெற இயலாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத தடை அது. அதனால் கறுப்பின மக்கள் 1920இல் தமக்கெனத் தனிக் கழகத் தொடரை அமைத்துக்கொண்டனர். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கியபோதே அத்தடை தகர்ந்தது. இனி நம் நாட்டிற்கு வருவோம். எழுதப்படாத சட்டங்களுக்கு இங்கும் பஞ்சமில்லை.

பல்வங்கர் பாலூ 1870களின் நடுப்பகுதியில் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு இணைத்துத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தினர். தந்தை பூனாவில் இராணுவப் பணியில் இருந்தமையால், அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டைகளையும் பந்துகளையும் கொண்டு பாலூவும் தம்பி சிவராமும் ஆடிப் பழகினர். பார்சிகளின் கழகம் ஒன்றில் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலை பாலூவுக்குக் கிடைத்தது; மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். வலை கட்டுதல், ஆடுகளத்தைச் செப்பனிடுதல், கோடு வரைதல் ஆகியவற்றோடு, துரைமார் பயிற்சி செய்கையில் அவர்களுக்குப் பந்து வீசுதலும் அவர் கடமையாயிற்று.

இடக்கையால் மெதுவாக வீசிய அப்பந்து தரையில் பட்டதும் திரும்பும் திசையை எவராலும் எளிதில் கணிக்க முடியவில்லை. அக்காலத்தில் சிறந்த மட்டையாளரென மதிக்கப்பட்ட கிரேக் என்னும் ஆங்கில அதிகாரி, நாள்தோறும் முன்னதாகவே வந்து பாலூவை வீசச் செய்து பழகினார். ஆங்கிலேயருக்காக ஆயிரக்கணக்கான பந்துகளை வீசிய பாலூவுக்கு அங்கே ஒருமுறையேனும் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. மட்டை பிடித்தல் எஜமானருக்கு, பந்து வீசுதல் ஏவலருக்கு என்பது அன்றைய வழக்கம்.

பூனாவில் இந்துக்களின் கழகம் ஒன்றும் இருந்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்னும் ஆவல் அதற்கு மிகுதி. பாலூவைச் சேர்த்தால் வெற்றி கிட்டும். சேர்த்தால் ஆசாரம் கெடும். இவ்விரண்டிற்கும் இடையே உறுப்பினர் தடுமாறினர். பாலூவின் திறனைத் துறப்பது அறியாமை என்று கிரேக் பத்திரிகை வாயிலாகவே கூறினார். இறுதியில் அவர்கள் பாலூவைச் சேர்த்தனர். ஆனால் மைதானத்தில் மட்டுமே சேர்த்தனர். தேநீர் வேளையில் ஏனையோர் பெவிலியன் எனப்படும் ஆட்டக்காரர் கூடத்தினுள் பீங்கான் கோப்பையில் பருக, பாலூவுக்கு வெளியே மண்குவளையில் தரப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி இடத்தில். அவர் தொட்ட பந்தை மற்ற பத்துப் பேரும் தொட்டனர். அவர் தொட்ட குவளையை மட்டும் தொடார். இவ்வாறு அவர்களது தீட்டும் ஆதாயத்தை அறிந்தே நடந்துகொண்டது.

1896இல் பூனாவில் பிளேக் நோய் பரவியது. பாலூ பம்பாய்க்குப் பெயர்ந்து, பி.பி.சி.ஐ. ரயில்வே அணிக்கும் இந்து ஜிம்கானாவுக்கும் ஆடலானார். அங்கும் தொடக்கத்தில் சிலர் தடை கூறினர். எனினும் நாளடைவில் அணியினர் அவருடன் ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கினர்.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினர். வங்கப் பிரிவினையால் சுதேசி உணர்ச்சி பொங்கியிருந்த காலம் அது. இந்துக்கள் முதல் இன்னிங்ஸில் 242 ஓட்டங்கள் எடுத்தனர், ஐரோப்பியர் 191. இரண்டாவதில் இந்துக்கள் 160. ஐரோப்பியரோ 102 ஓட்டங்களிலேயே அடங்கினர். 109 ஓட்டங்களில் இந்துக்கள் வென்றனர். பாலூவும் சிவராமும் அவ்வெற்றியில் பங்கு கொண்டனர். இவ்வுடன்பிறந்தார் ஜிம்கானாவில் ஏற்கப்பட்ட செய்தி, இளைஞர் மனத்தை விசாலப்படுத்துவதில் பிற முயற்சிகள் எல்லாவற்றையும் மிஞ்சியது என்னும் கருத்தை ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ என்ற இதழ் அப்போதே வெளியிட்டது.

நம் சென்னையிலும் ஏறக்குறைய அதே காலத்தில் மற்றொரு கதவு தட்டப்பட்டது. சேப்பாக்கத்தில் ஐரோப்பியர் பெவிலியனுள் உண்ண, இந்திய ஆட்டக்காரர் மர நிழலில் உண்ணும் வழக்கம் இருந்தது. இதனைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்து, இந்தியருக்கெனப் பயிற்சியும் மைதானமும் ஏற்படுத்தினார். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் சமநிலையில் போட்டி நடத்த 1908இல் ஏற்பாடு செய்தார். அதனைக் காணாமலே அவ்வாண்டில் காலமானார். அவர் விதைத்த விதையே பின்னர்ப் பொங்கல் காலத்தில் ஆண்டுதோறும் நடைபெற்ற பிரெசிடென்சி ஆட்டமாகத் தழைத்தது.

மாணவர்களே, இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். மரத்தடியில் அமர்த்தப்பட்ட இந்தியன் தன் மானத்தை உணர்ந்தான். அதே இந்தியன் பூனாவில் தன் தோழனை வெளியே நிறுத்தி மண்குவளையை நீட்டினான். தனக்கு நேர்ந்தால் கொடுமை, தான் செய்தால் ஆசாரம் என்று எண்ணுவது மனித இயல்பின் பெருங்குறை.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. 14 முதல்தர ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வெற்றி, பத்தில் தோல்வி. எனினும் பாலூ அனைத்து ஆட்டங்களிலும் சேர்த்து 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருந்தது. அவர் தாயகம் திரும்பியதும், ஒடுக்கப்பட்ட மக்கள் பம்பாயில் வரவேற்பு அளித்தனர். அக்காலத்தில் கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரே அதற்குரிய வாழ்த்துமடலை எழுதினார் என்பர்.

இத்துணைப் புகழ் பெற்றும் ஒரு படி மட்டும் பாலூவுக்கு எட்டவில்லை. அதுவே அணித் தலைமை. அவர் கீழ் ஆடினால் அவர் ஏவலைக் கேட்க வேண்டுமே! 1920இல் அணித்தலைவர் பை நோயுற்றபோது பாலூ அணியில் சேர்க்கப்படவில்லை, வேறொருவர் தலைவரானார். சாதியே இதற்குக் காரணம் என்று வெளிப்படையாக அறிவித்து, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். பொதுமக்கள் ஆதரவு அவர்கள் பக்கம் திரண்டது. இறுதி ஆட்டத்தில் மூவரும் இடம் பெற்றனர், பாலூ துணைத்தலைவரானார். நலம்பெற்றுத் திரும்பிய பை சிறிது நேரம் மைதானத்தை விட்டு விலகி நின்று, பாலூ அணியை நடத்தும்படி செய்தார். 1923இல் விட்டலே தலைவராக்கப்பட்டார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்று நாற்கட்சிப் போட்டியின் கோப்பையைக் கைப்பற்றினர். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிட்டியது.

மதத்திற்கோர் அணியாக நடந்த அப்போட்டி முறையே குறையுடையது. 1940இல் காந்தியடிகள் அதனைக் கண்டித்தார். 1946க்குப் பின் அது நின்றது. வட்டாரங்களின் அடிப்படையில் அமைந்த ரஞ்சி கோப்பைப் போட்டி நிலைத்தது. அதன் முதல் ஆட்டம் நம் சேப்பாக்கத்தில் 1934 நவம்பர் 4ஆம் நாள் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீச, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஒரே நாளில் சென்னை வென்றது.

பாலூ பிற்காலத்தில் பொது வாழ்வில் புகுந்தார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று, 13,245க்கு எதிராக 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். 1955இல் மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து, விளையாட்டுத் தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்று முடிவு கட்டுவது பிழையாகும். பாலூவின் பந்து மைதானத்தின் வாயிலைத் திறந்தது. உணவறையின் வாயிலைத் திறக்கச் சக மனிதரின் மனச்சான்று வேண்டியிருந்தது. தலைமையின் வாயிலைத் திறக்கவோ, தம்பியர் இருவர் ஆட மறுக்கும் துணிவு வேண்டியிருந்தது. திறமை நியாயத்தைக் கேட்க உரிமை தருகிறது. கேட்டால்தான் அது கிடைக்கிறது.

நான் வாழும் வத்தல்மலையில் சமதரை அரிது. சாமைக் கொல்லைக்கும் காப்பித் தோட்டத்திற்கும் நடுவே கிடைத்த சிறு வெளியில் சிறுவர் பந்தாடுவர். பந்து சரிவில் உருண்டால் எடுத்து வர ஒருவனையே மீண்டும் மீண்டும் அனுப்புவர். நான் ஆசிரியனாக இருந்த நாளில், பந்தை எடுத்து வந்தவனுக்கே அடுத்த மட்டை என்று ஒரு விதி செய்து வைத்தேன். அதன்பின் பந்தெடுக்க ஓடுவதற்குப் போட்டியே ஏற்பட்டது!

ஆகவே இளைஞர்களே, நீங்கள் எந்த மைதானத்தில் ஆடினாலும், எந்த அலுவலகத்தில் நாளை அமர்ந்தாலும், ஆட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மட்டையே பெறாதவன் எவன், வெளியே நின்று பருகுபவன் எவன் என்று சுற்றிலும் பாருங்கள். அவனுக்கு இடம் கொடுக்கும் வரையில், எத்தனை ஓட்டம் எடுத்த அணியும் வென்ற அணி ஆகாது.