வாக்காளரில்லா அமைச்சர்: இலட்சுமன் கதிர்காமர்

இலங்கையில் 1977 வரை வெளிவிவகாரப் பொறுப்பைப் பிரதமரே வகித்தார். நெடுந்தீவுக்கு அணித்தான கச்சதீவு பற்றிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் பிரதமர் சிறிமாவோவே ஒப்பமிட்டார். 1977இல் ஏ. சி. எஸ். ஹமீது தனி அமைச்சரானார். 1994இல் அப்பதவியை ஏற்ற முதல் தமிழர் இலட்சுமன் கதிர்காமர்.

அவ்வாண்டுத் தேர்தலின்போது குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் ஆட்சியிலிருந்தது. எனவே யாழ்ப்பாண மாவட்டத்து வாக்குகளிற் பெரும்பாலானவை தீவகத்திலேயே அளிக்கப்பட்டன. பத்தாயிரத்துச் சொச்ச வாக்குகளால் ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக்குழு 9 ஆசனங்களைப் பெற்றது. விகிதாசார முறையின் விந்தை இது! கதிர்காமருக்கோ அவ்வளவு வாக்கும் வேண்டியிருக்கவில்லை. அவர் தேசியப் பட்டியலால் வந்தவர்.

1959இல் ஒக்ஸ்போர்ட் யூனியன் விவாதக் கழகத் தலைவர், பின்னர் ஜெனீவாவில் உலக அறிவுசார் சொத்து நிறுவன அதிகாரி; அவர் பயின்றது அவைகளை இணங்கவைக்கும் கலை. புலிகளை அமெரிக்கா 1997இலும் பிரித்தானியா 2001இலும் தடைசெய்தமையில் அக்கலைக்குப் பெரும் பங்குண்டு. தமிழர் பலர் அதனைத் துரோகம் என்றனர். தமிழரிடம் ஆணை பெறாதவர் அவ்வாணையை மீறினார் என்பது எங்ஙனம்? துரோகி என்னும் பெயர் அவருக்குப் பொருந்தாது. தமிழர் பிரதிநிதி என்பதும் பொருந்தாது என்பதே எம் கருத்து.

2004இல் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. பதவி மகிந்த ராஜபக்சவுக்குச் சென்றது. மீண்டும் வெளிவிவகார அமைச்சரானவர், 2005 ஆகஸ்டு 12இல் கொழும்பு இல்லத்திற் சுடப்பட்டு இறந்தார். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டிற்று, அவர்கள் மறுத்தனர். அன்றும் அவர் தேசியப் பட்டியல் உறுப்பினரே.