குடை இலவசம்!

ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவில் போயிருக்கிறீர்களா? கோமதி அம்மனைத் தரிசித்துவிட்டு, பிரியாணியையும் ஒரு கை பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். நெசவுக்காரர்களின் தெருக்களில் கொஞ்சம் நடந்து பாருங்கள். 'தடக்... தடக்...' என்று விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். பல வீடுகளில் பாவும் நூலும் கொடுப்பவர் வியாபாரி. நெய்த சேலையை எடுத்துப் போகிறவரும் அவரே. தறி ஓட்டுகிறவருக்குக் கூலி மட்டும்தான்! கடையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசுகிறோமே... அது கடைசியில் யார் தலையில் விடியும்?

நம்ம ஊர்ச் சரக்கு, அதற்கு நியாயமான விலை என்கிற இந்த வழக்கு, அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் நூறு வருஷத்துக்கு முன்பே ரத்தம் சிந்தி நடந்திருக்கிறது.

அப்போது இந்தக் கரிசல் காட்டுப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி வெளிநாடு போகும். வெளிநாட்டு ஆலைத் துணி இங்கே வந்து இறங்கும். கப்பலும் வெள்ளைக்காரனுடையது! ஒட்டப்பிடாரத்து வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பண்டகசாலை, தரும சங்க நெசவுச் சாலை என்று ஆரம்பித்தவர், 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியையே பதிவு செய்துவிட்டார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். பம்பாய் வரை அலைந்து பணம் திரட்டி, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன.

விடுவார்களா? தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை பிரிட்டிஷ் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கப்பலில் எட்டணா! உடனே அவர்கள், "டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறுங்கள், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம்" என்றார்கள். பல கடல்களில் கப்பல் ஓட்டியவர்கள், ஒரு வழியில் நஷ்டப்பட்டால் தாங்குவார்கள். வ.உ.சி.க்கு இருந்ததே அந்த ஒரு வழிதான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்... கொளுத்தும் வெயிலில், நீங்கள் எந்தக் கப்பலில் ஏறியிருப்பீர்கள்?

அவர் கப்பலோடு நிற்கவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நூல் நூற்ற கைகளுக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேட்டார். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சுப்பிரமணிய சிவாவோடு அவர்கள் பக்கம் நின்றார். வேலையில்லாத நாட்களில் அவர்கள் வீட்டில் உலை கொதிக்க ஊரில் பணம் வசூலானது. ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கிடைத்தது! என்னைக் கேட்டால், கப்பல் விட்டதைவிட இதுதான் பெரிய காரியம்.

சர்க்காருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். ஜூலையில் தீர்ப்பு: நாற்பது வருஷம்! அப்பீலில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை. 1911-லேயே இழுத்து மூடிவிட்டார்கள்.

'காலியா' கப்பலை யாரிடம் விற்றார்கள் தெரியுமா? குடை கொடுத்தவர்களிடமே!