ஓடும் குருதியில் நிலைத்த அழைப்பு

1882ஆம் ஆண்டின் இறுதியில், சிசிலித் தீவின் மெசினா நகரில், ருஷ்ய அறிஞர் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம்புழு ஒன்றின் உடலில் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் நோக்கியபோது, இடம்பெயரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் அவருக்கும் பால் எர்லிக்குக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது: அவ்வணுக்களைக் காயத்தின்பால் அழைத்தது எது?

விடையின் முதற்பகுதி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கிடைத்தது. 1987இல் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள், நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்களை ஈர்க்கும் சிறு புரதம் ஒன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். அது இன்டர்லியூகின் 8 எனப் பெயர் பெற்றது. இத்தகைய புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறியப்படவே, 1992இல் அவற்றுக்குக் கெமோகைன்கள் என்னும் பொதுப்பெயர் சூட்டப்பட்டது. மனித உடலில் இவை ஏறத்தாழ 50 உள்ளன.

1991இல் இன்டர்லியூகின் 8இன் ஏற்பிகள் அறியப்பட்டன. ஏற்பி என்பது உயிரணுவின் மேலுறையை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதமாகும். கெமோகைனின் உடற்பகுதி முதலில் ஏற்பியின் வெளியே நீண்ட முனையைப் பற்றுகிறது. பின்னர் அதன் நெகிழ்வான நுனி ஏற்பியின் குழிக்குள் நுழைந்து அணுவைத் தூண்டுகிறது. எய்ட்ஸ் நோய்க்கிருமி அணுவினுள் புகுவதற்கு இவ்வேற்பிகளையே வாயிலாகக் கொள்கிறது என்பது 1996இல் தெளிவானது. அவற்றுள் சிசிஆர் 5 என்னும் ஏற்பியை அடைக்கும் மராவிராக் மருந்துக்கு 2007இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆய்வுலகின் கண் பெரிதும் ஏற்பியின்மீதே பதிந்திருந்ததில் வியப்பில்லை.

கெமோகைன்களுக்கு மற்றொரு பற்றிடமும் உண்டு. குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், 1916இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் தொடங்கிவைத்த ஆய்வின் வழியே அறியப்பட்டது. அது சல்பேட் செறிந்த சர்க்கரைச் சங்கிலி. கெமோகைன்கள் அதனோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பு, அவற்றைத் தூய்மைப்படுத்த ஏற்ற உத்தியாகப் பயன்பட்டது. ஆய்வுக்கூடத்திற்குக் கருவியான இப்பண்பு உடலுக்கு எதற்கு?

குருதி இடையறாது ஓடுவது. நாளத்தின் உட்சுவரில் வெளிப்படும் கெமோகைன் தனித்து மிதந்தால், காயத்தின் இடத்தைச் சுட்டுமுன்னரே அடித்துச் செல்லப்படும். ஆனால் அச்சுவரில் ஹெப்பாரினை ஒத்த ஹெப்பாரன் சல்பேட் சங்கிலிகள் அடர்ந்துள்ளன. சல்பேட்டின் எதிர்மின்னூட்டம், கெமோகைனில் உள்ள லைசின், அர்ஜினின் ஆகியவற்றின் நேர்மின்னூட்டத்தை ஈர்த்து நிறுத்துகிறது. சர்க்கரைச் சங்கிலியில் ஊன்றிய கெமோகைன், டி அணுக்களைப் பரப்பில் ஒட்டச் செய்வதை 1993இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

எனினும் அவ்வூன்றல் இன்றியமையாததா என்னும் ஐயம் தீரவில்லை. அதனை 2003இல் வெளியான அமாண்டா ப்ரௌட்ஃபுட் குழுவினரின் ஆய்வு தீர்த்தது. மூன்று கெமோகைன்களில் சர்க்கரையைப் பற்றும் பகுதியை மட்டும் அவர்கள் மாற்றியமைத்தனர். சோதனைக் கலத்தில் அவை வெள்ளணுக்களை ஈர்த்தன. எலியின் வயிற்றறைக்குள் செலுத்தியபோதோ ஓரணுவையும் திரட்டும் வல்லமை அவற்றுக்கு இருக்கவில்லை.

நீரோட்டமற்ற கலத்தில் மெய்யெனத் தோன்றியது உயிருடலில் மெய்யாகவில்லை. செய்தி இருந்தால் போதாது, அது நிற்க இடமும் வேண்டும். மூட்டுவாதம் முதலிய அழற்சி நோய்களுக்காக ஏற்பியைக் குறிவைத்த மருந்துகள் பல மனிதரிடம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆகவே, அழைப்பை அது நிலைகொள்ளும் சங்கிலியிலிருந்தே விடுவிக்கும் வழியையும் ஆய்வாளர்கள் நாடலாயினர். துணைப்பண்பு என ஒதுக்கப்பட்டது, நோயாளிக்கு நலம் தரும் வாயில்களுள் ஒன்றாக எண்ணப்படுவதே இவ்வரலாறு நமக்குத் தரும் படிப்பினை.