சூரியப் புயலுக்குக் கணக்கு எழுதியவர்கள்



மின்சாரம் போனால் நாம் மழையையோ டிரான்ஸ்பார்மரையோ குறை சொல்வோம். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் போனதற்குக் காரணம் சூரியன். அதைவிடப் பெரிய புயல் 1859-ல் வந்தது. அதன் அளவு இன்று நமக்குத் தெரிவதற்கு பம்பாய் கொலாபா ஆய்வக ஊழியர்கள் எழுதி வைத்த குறிப்புகளே முக்கியக் காரணம்.

1859 செப்டம்பர் 1 அன்று, இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். அவற்றின் மேல் பளீரென்று ஓர் ஒளி தோன்றி மறைந்தது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியில் காந்தப் புயல். அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே பேட்டரியைக் கழற்றிவிட்டே தந்தி அனுப்பினார்கள்!

எப்படி என்கிறீர்களா? சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டிருக்கின்றன. இதுதான் சூரியக் காற்று. பெரிய வெடிப்பின்போது ஒரு மேகமே தன் காந்தப் புலத்தோடு கிளம்பி வருகிறது. பூமியின் காந்தப் புலம் வடக்கு நோக்கியது. மேகத்தின் புலம் தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் இணைந்து, கதவு திறந்ததுபோல் ஆற்றல் உள்ளே நுழைகிறது. வானில் பூமியைச் சுற்றி ஓடும் மின்னோட்ட வளையம் வலுத்து, தரையில் காந்தப் புலம் குறைகிறது. புலம் வேகமாக மாறும்போது நீண்ட கம்பிகளில் மின்சாரம் பிறக்கிறது. தந்திக்கும் கியூபெக்குக்கும் நடந்தது இதுவே.

லண்டன் அருகே கியூ ஆய்வகக் கருவியில் பதிவு தாளைத் தாண்டி ஓடிவிட்டது. கொலாபாவிலோ ஊழியர்கள் கண்ணால் பார்த்து, மணிக்கு ஒரு முறையும் புயல் நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு முறையும் எழுதினார்கள். 2003-ல் விஞ்ஞானிகள் அந்த ஏடுகளைப் புரட்டினார்கள். செப்டம்பர் 2 அன்று புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ந்திருந்தது. கியூபெக் புயலின் உலக அளவு 589 தான்.

நாற்காலியில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். 144 ஆண்டு கழித்தும் செல்லுபடியான அந்தப் பதிவுக்குத் தலைவணங்குகிறேன். பின்னர் பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்தபோது, அளவீடு கெடக்கூடாது என்று 1904-ல் அலிபாக்கில் புது ஆய்வகமே அமைத்தார்கள்.

இன்று 15 லட்சம் கி.மீ. தொலைவில் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 சூரியக் காற்றை அளக்கிறது. அது கிளம்பியதும் ஒரு செப்டம்பர் 2 (2023). மேகம் அதைத் தாண்டினால் நம்மை அடைய ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோதான். அந்த அவகாசத்தில் மின் நிலையங்கள் சுதாரிக்க, அந்தப் புயல் எவ்வளவு பெரிதாக வரலாம் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வது பழைய ஏடுதான்.

நம் ஜெனரேட்டர் அறைப் பதிவேட்டில் தேதியும் நேரமும் விடாமல் எழுதும் செக்யூரிட்டி தம்பிகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.