பங்காளிகள் இருவர்: ஸ்பிட்ஃபயரும் டிஆர்6-உம்

பிரிட்டனில் கிளப் ட்ரையம்ஃப் என்ற சங்கம் 1960-களிலிருந்து நடத்திவரும் 'ரவுண்ட் பிரிட்டன் ரிலையபிலிட்டி ரன்' ஒரு பந்தயம் அன்று. முந்தி வந்தவர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வெள்ளிக்கிழமை மாலை லண்டனின் வட எல்லையிலிருந்து கிளம்பி, இரவெல்லாம் ஓட்டி, சனிக்கிழமை காலை ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஜான் ஓ'க்ரோட்ஸைத் தொடவேண்டும். அங்கிருந்து தெற்கே இறங்கி, இன்னோர் இரவையும் கடந்து, ஞாயிறு காலை கார்ன்வாலின் முனையான லேண்ட்ஸ் எண்டை அடையவேண்டும். அன்று மாலைக்குள் லண்டன் திரும்பவேண்டும். தூரம் 2,000 மைல், சுமார் 3,200 கி.மீ.; நேரம் 48 மணி. பெட்ரோல் போடுவதும் சாப்பிடுவதும் பழுது பார்ப்பதும் இதற்குள் அடக்கம். எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி மணிக்கு 67 கி.மீ. ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டுகிறது. அந்தத் தொகை அறப்பணிக்குப் போகிறது. ட்ரையம்ஃப் என்ற பெயர் தாங்கிய கார் உற்பத்தி 1984-இல் நின்றுவிட்டதால், வரிசையில் நிற்கும் எந்த ட்ரையம்ஃபும் நாற்பது வயதுக்குக் குறைந்ததாக இருக்க முடியாது.

இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு விவேகி ஒரு சலூன் காரைத்தான் எடுப்பார். பின் இருக்கையில் மூன்றாவது ஓட்டுநர் தூங்கிக்கொண்டு வரலாம். இருந்தும் இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார்களைக் கொண்டுவருபவர்கள் உண்டு. அவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: ஸ்பிட்ஃபயர், டிஆர்6. எளியதும் வலியதும் என்று உலகம் பிரித்துவைத்த இந்த இரண்டையும், ஒரே சாலையில் ஒரே கடிகாரத்தின் கீழ் நிறுத்தி எடைபோட்டுப் பார்ப்போம்.

காகிதத்தில் இது சமமான போட்டியே இல்லை. ஸ்பிட்ஃபயரின் கடைசி வடிவமான 1500-க்கு 1,493 சிசி, நான்கு சிலிண்டர், 71 குதிரைத்திறன். டிஆர்6-க்கு 2,498 சிசி, ஆறு சிலிண்டர், பிரிட்டனில் விற்ற முதல் வடிவத்துக்கு 150 குதிரைத்திறன் என்று அறிவிப்பு. ஸ்பிட்ஃபயரின் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் ஊட்டுவது இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள். டிஆர்6-க்கு லூகாஸ் நிறுவனத்தின் இயந்திர வகைப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். முன்னோடியான டிஆர்5-இல் 1967-இல் வந்தபோது பிரிட்டிஷ் தொடர் உற்பத்திக் கார்களில் அது புதுமை. விலையில், எடையில், உறுமலில், வாங்கியவரின் வயதில்கூட இரண்டும் வேறு வேறு தட்டுகள்.

உடலைப் பார்த்தால் முதல் உறவு தெரிகிறது. ஸ்பிட்ஃபயரை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கேலோட்டி. அவர் செய்த மாதிரி வண்டி தொழிற்சாலையில் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்ததையும், 1961-இல் நிறுவனத்தை வாங்கிய லேலண்ட்காரர்கள் அதைக் கண்டெடுத்து உற்பத்திக்கு ஒப்புதல் தந்ததையும் ட்ரையம்ஃப் அன்பர்கள் சொல்லி அலுப்பதில்லை. டிஆர்6-இன் நேர்க்கோட்டு முகமும் வெட்டிவிட்டதுபோன்ற பின்புறமும் ஜெர்மனியின் கார்மன் நிறுவனத்தின் வேலை. ஆனால் கார்மன் மாற்றியது முன்னையும் பின்னையும் மட்டுமே. கதவும் நடுப்பகுதியும் டிஆர்4 காலத்திலிருந்து வருபவை. அவற்றையும் வரைந்தவர் மிக்கேலோட்டிதான்.

உண்மையான ஆச்சரியம் பானெட்டுக்குக் கீழே இருக்கிறது. 1953-இல், ட்ரையம்ஃபின் தாய் நிறுவனமான ஸ்டாண்டர்டின் எய்ட் காருக்காக 803 சிசியில் ஒரு சின்ன எஞ்சின் பிறந்தது. அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மி.மீ. சிலிண்டரின் விட்டத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போய் அதை 948, 1,147, 1,296 சிசி என்று வளர்த்தார்கள், 76 மி.மீ. மட்டும் மாறவில்லை. அதே வம்சத்தில் இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்துச் செய்ததுதான் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். அங்கேயும் அதே 76 மி.மீ. விட்டத்தைக் கூட்ட இடமில்லாமல் போனபின் இரண்டு கிளைகளும் ஒரே வழியைத்தான் பிடித்தன. பிஸ்டனின் பயணத்தை நான்கு சிலிண்டரில் 87.5 மி.மீ. ஆக்கினார்கள், அது ஸ்பிட்ஃபயர் 1500. ஆறு சிலிண்டரில் 95 மி.மீ. ஆக்கினார்கள், அது டிஆர்6. எளியதும் வலியதும் என்று நாம் பிரித்த இரண்டும் பங்காளிகள்.

இந்த வம்சத்தின் ஒரு கிளை தமிழ்நாட்டிலும் ஓடியது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இருந்தது அந்த 948 சிசி எஞ்சின்தான். ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கி மாற்றியமைத்தே ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஹெரால்டின் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே வாயாக முன்னோக்கித் திறப்பதைக் கண்டவர்களுக்கு, ஸ்பிட்ஃபயர் திறக்கும் விதமும் பழகியதாகவே இருக்கும்.

பங்காளிகளுக்குச் சொத்து பொதுவென்றால் நோயும் பொதுதான். இரண்டு எஞ்சின்களிலும் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் காப்பவை, கடைசி பேரிங்கின் இருபுறமும் செருகியுள்ள அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவது இந்த மெல்லிய துண்டு. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அது கழன்று எண்ணெய்த் தொட்டிக்குள் விழும். அதன்பின் தண்டு எஞ்சின் உடலையே அரைக்கத் தொடங்கும். ஆகவே புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன் இரு வண்டிக்காரரும் செய்யும் முதல் சோதனை ஒன்றே: ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சினின் முன்புறக் கப்பியை டயல் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். கப்பி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் பயணம் தள்ளிப்போகும். வாஷரை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டியதில்லை, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் போதும் என்பது இருவருக்கும் பொதுவான ஆறுதல். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காதே, நியூட்ரலுக்குக் கொண்டுவா என்ற அறிவுரையும் பொதுவே. 71 குதிரைத்திறனுக்கும் 150 குதிரைத்திறனுக்கும் ஒரே பத்தியம்.

முன்சக்கரத்திலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் ட்ரனியன் என்ற மரைபோட்ட வெண்கலத் துண்டு இருவருக்கும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. மசகு வற்றி, நீர் புகுந்து துரு பிடித்தால் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். ஸ்பிட்ஃபயர்காரர் அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் ஊற்றுகிறார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பழுதுபார்த்த கைகளுக்கு இது புதிதல்ல.

வேற்றுமை தொடங்குவது பெட்ரோலில். ஸ்பிட்ஃபயரின் எரிபொருள் அமைப்பை ஒரு திருப்புளியும் சற்றுப் பொறுமையும் உள்ள எவரும் சாலையோரத்தில் சீர்செய்துவிடலாம். முன்பகுதி முழுவதும் தூக்கி நிற்க, சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே கார்புரேட்டரைக் கழற்றும் வசதி வேறெந்தக் காருக்கு இருக்கிறது? டிஆர்6-இன் பெட்ரோல் பம்ப் டிக்கிக்குள் இருக்கிறது. சுமார் 7 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னே தள்ளுகிறது. நீண்ட ஓட்டத்தில் அது சூடேறும். டேங்கில் பெட்ரோல் குறையக் குறையச் சூடு இன்னும் ஏறும், பெட்ரோல் ஆவியாகும், எஞ்சின் திக்கும். கடையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் வாங்கிப் பம்பின்மேல் வைப்பது டிஆர் வட்டாரத்தின் புகழ்பெற்ற கைவைத்தியம். சிரிப்புக்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே வைப்பார்கள். இப்போது பலர் பழைய பம்பை எடுத்துவிட்டு பாஷ் பம்ப் பொருத்திவிடுவதால் பட்டாணிக்கு வேலை குறைந்திருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஸ்பிட்ஃபயர் டேங்கில் 33 லிட்டர் பிடிக்கும். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஏறத்தாழ 12 கி.மீ. கொடுக்கும். டிஆர்6 டேங்கில் 51 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 8 கி.மீ. தந்தால் நல்லது. பெருக்கினால் இரண்டுக்கும் சுமார் 400 கி.மீ. தாகம் வேறு, நிறுத்தங்கள் ஒன்றே. சொல்லப்போனால், டேங்கின் அடிமட்டத்துக்கு இறங்க அஞ்சும் டிஆர்6-தான் முன்னதாகப் பெட்ரோல் பங்க்கைத் தேடும். பின்னிரவில் பங்க்குகள் மூடிக்கிடக்கும் வட ஸ்காட்லாந்தில் இது சிறிய விஷயமன்று. 2021 முதல் பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிக் கசியும். அந்தத் தொல்லையில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. குழாய்களைப் புதுவகைக்கு மாற்றுவது, எத்தனால் குறைந்த விலையுயர்ந்த பெட்ரோலைப் போடுவது என்று இருவர் சீட்டிலும் ஒரே வரிகள். அழுத்தம் மிகுந்த அமைப்பில் கசிவு என்றால் தீ என்பதால் டிஆர்6-காரர் அந்த வரியை இன்னும் அழுத்தி எழுதிக்கொள்வார்.

ஓட்டத் தொடங்கியபின் குணம் வெளிப்படுவது பின்சக்கரங்களில். ஸ்பிட்ஃபயரில் குறுக்கே ஒரே லீஃப் ஸ்பிரிங். டிஃபரன்ஷியலிலிருந்து இருபுறமும் ஊசலாடும் அச்சுகள். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1970-இல் வந்த நான்காம் வடிவத்தில் ஸ்பிரிங்கின் கட்டைத் தளர்த்தி இதைப் பெரிதும் அடக்கினார்கள். டிஆர்6-இல் காயில் ஸ்பிரிங், தனித்தனிச் சுயேச்சைக் கைகள், நவீன ஏற்பாடு. ஆனால் அதன் பின் அச்சுகளில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்வரிகள் உண்டு. முழு விசையில் அவை இறுகிப் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்ததும் திடீரென விடுபடும். வண்டியின் பின்புறம் ஒரு நெளி நெளியும். காரணங்கள் வேறு, வடிவியல் வேறு; ஓட்டுநருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. வளைவுக்குள் போகுமுன் வேகத்தைக் குறை, உள்ளே போனபின் காலை அசைக்காதே. கெய்த்னஸ் கடற்கரையில் பெரிடேல் சரிவில் இறங்கி ஏறும் இடம் விடியலுக்கு முன் வருவதால், அந்தப் பாடம் தூக்கக் கலக்கத்திலும் நினைவிருக்கவேண்டும்.

இரவுச் சாலையில் இருவரையும் காப்பது லேகாக் டி நார்மன்வில் ஓவர்டிரைவ். ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுழற்சி ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓவர்டிரைவ் இல்லாத ஸ்பிட்ஃபயர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்றை ஒட்டிச் சுழலும். நீண்டுபோன பிஸ்டன் பயணமும் மூன்றே முதன்மை பேரிங்குகளும் கொண்ட எஞ்சினுக்கு மணிக்கணக்கில் அது நல்லதல்ல. ஓவர்டிரைவ் இருந்தால் ஏறத்தாழ 3,050. டிஆர்6 அதே வேகத்தில் ஓவர்டிரைவ் இன்றியே 3,300. அதாவது, கியர்பெட்டியில் ஓவர்டிரைவ் உள்ள சிறியவன், ஓவர்டிரைவ் இல்லாத பெரியவனைவிட நிதானமாகப் போகிறான். பழைய ட்ரையம்ஃப் வாங்குவோர் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதை விட்டுவிட்டு ஓவர்டிரைவ் உண்டா என்று முதலில் கேட்பதன் நியாயம் இது.

மின்சாரமும் இருவருக்கும் லூகாஸ்தான். அந்த நிறுவனத்தை இருளின் இளவரசன் என்று கேலி செய்வது பிரிட்டிஷ் வழக்கம். ஓட்டம் நடக்கும் அக்டோபர் மாதத்தில் ஸ்காட்லாந்து இரவு நீளமானது. விளக்கின் முழு மின்னோட்டமும் பழைய சுவிட்ச் வழியாகவே போனால் சுவிட்ச் கருகும். ரிலே பொருத்தி அந்தச் சுமையை மாற்றிவிடுவது இரு முகாமிலும் எழுதப்படாத விதி. கூரைத் துணியின் வழியே மழை கசிவதற்கு மட்டும் இதுவரை யாரும் ரிலே கண்டுபிடிக்கவில்லை.

நன்கொடை தருபவர் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை. அவருக்கு 3,200 கி.மீ. என்ற எண்ணும், இந்தப் பழைய வண்டி போய்ச் சேருமா என்ற ஐயமும் போதும். அந்த ஐயம்தான் பணத்தை வரவழைக்கிறது என்று தோன்றுகிறது. புதிய காரில் இதே தூரம் போகிறேன் என்று சொன்னால் யார் பையைத் திறப்பார்கள்? அந்த வகையில் ஸ்பிட்ஃபயருக்கு ஓர் அனுகூலம்: அதன் சிறுமை வெளியே தெரிகிறது. டிஆர்6-இன் பலவீனம் டிக்கிக்குள் ஒளிந்திருக்கிறது. அதை விளக்கிச் சொல்லித்தான் இரக்கம் தேடவேண்டும்.

தேர்வு செய்யச் சொன்னால், முதல்முறை போகிறவருக்கு ஓவர்டிரைவ் உள்ள ஸ்பிட்ஃபயர் 1500-ஐயே கைகாட்டுவேன்; அதில் கெட்டுப்போகக்கூடியவற்றில் பெரும்பகுதியைக் கைவிளக்கின் வெளிச்சத்தில் நின்றபடியே சரிசெய்யலாம். இன்ஜெக்‌ஷனைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் வருவாரானால் டிஆர்6. வடக்கே ஏறும் நீண்ட நேர்ச் சாலைகளில் அதன் ஆறு சிலிண்டர்கள் தரும் இளைப்பின்மைக்கு ஸ்பிட்ஃபயரிடம் ஈடில்லை. கார்ன்வாலின் வேலி நெருங்கிய சந்துகளில், ஏறத்தாழ 7.3 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்பிட்ஃபயருக்கு டிஆர்6 ஈடாகாது. இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே தூங்கவேண்டும் என்பதில் மட்டும் எந்த வண்டியும் சலுகை தராது.