பேர் போச்சு, கை நின்னுச்சு: வடசென்னையின் மரம் செதுக்கிகள்

கூகுள்ல 'கேட்டமரான்'னு தேடிப் பாருங்க. இரண்டு உடல், வெள்ளைப் பாய், நடுவுல சொகுசு அறைன்னு ஒரு படகு வரும். அதுல நம்மோடது பேர் மட்டும்தான்.

சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். 1876-ல் அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகைப் பந்தயத்தில் ஓட்டினார். அந்த மாதிரிப் படகுக்கு இந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அதோட சொந்தக்காரங்க பசிபிக் தீவுகள்ல இருக்காங்க, ராயபுரத்துல இல்ல.

சரி, நம்ம கட்டுமரம் என்ன? நாலு மரத்தைச் சேர்த்துக் கட்டினா முடிஞ்சுதுன்னு தோணும். உண்மையில் அது செதுக்கு வேலை. எடை குறைந்த மரமா வேணும். பிற்காலத்தில் கேரளத்திலிருந்து வந்த அல்பீசியா அதிகம் பயன்பட்டது. நடுமரம் தாழ்ந்து, பக்க மரங்கள் உயர்ந்து, உட்கார ஒரு பள்ளம் கிடைக்கணும். முன்பக்கம், அதாவது அணியம், அலை மேல ஏறுற மாதிரி மெலிந்து நிமிரணும். இதுக்கு வரைபடம் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. வாய்ச்சியும் உளியும், பக்கத்துல உட்கார்ந்து பார்த்த கண்ணும்தான். ஆணியும் இல்லை; கயிறுதான். இடுக்கு வழியா தண்ணி வந்து போயிடும், அதனால படகு நிரம்பி மூழ்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியா காய வைப்பாங்க.

மதராஸுக்கு அப்போ துறைமுகமே இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கை மசூலா படகு கொண்டுபோகும். அதுவும் போக முடியாத அலையில் கட்டுமரம் போகும். கடிதத்தைத் தண்ணி புகாத கூம்புத் தொப்பிக்குள்ள வெச்சுக்கிட்டு போவாங்க. கம்பெனியோட அவசரத் தபால் ஒருத்தர் தலைமேல!

1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 நவம்பர் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினாங்க. அந்தச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ற மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்னுச்சு. இப்போ பல இடத்துல கரைன்னா கொட்டி வெச்ச பாறாங்கல்தான். கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம், மணல் போதும். மரத்தை இழுத்து ஏத்த, காய வைக்க, செதுக்க எல்லாத்துக்கும் அந்த மணல்தான் பட்டறை. எனக்கு உறுத்துறது இதுதான்: கடல் வேலையை வளர்க்கக் கட்டின சுவர், கடல் தொழிலாளியோட இடத்தைப் பிடுங்கிச்சு.

மிச்சத்தை மோட்டாரும் ஃபைபரும் முடிச்சுது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா ஃபைபர் படகுகள் ஏராளமா வந்தன. மீனவரைக் குறை சொல்ல மாட்டேன். துடுப்பு போட்டுப் பாருங்க, அப்புறம் மோட்டார் ஏன்னு கேட்க மாட்டீங்க. ஆனா ஃபைபருக்கு ஒரு அச்சு இருந்தா போதும். அதிலிருந்து எத்தனை படகும் எடுக்கலாம். மரம் செதுக்குறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக் கத்துக்க, முதல்ல யாராவது செதுக்கணுமே.

1920-ல் ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவா எழுதினார். படகு வகைகள் ஏடேறிச்சு. அமரில்லிஸைச் செஞ்சவர் பேர் உலகத்துக்கே தெரியும். காசிமேட்டுலயோ எண்ணூர்லயோ உங்க தாத்தா, பெரியப்பா யாராவது மரம் செதுக்கியிருந்தா, அவர் பேரைச் சொல்லி எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடை அந்தப் பேர்களோட தொடங்குறோம்.