சோலிஹல்லிலிருந்து ரிங்லெட் வரை

கேமரன் மலையில், ரிங்லெட் அருகே உள்ள லெம்பா பெர்த்தாமில் காய்கறி மூட்டைகளோடு மண்பாதை ஏறும் பழைய லேண்ட்ரோவரின் முகப்பு வலைக்குப் பின்னால் இருக்கிறது ரேடியேட்டர்: மேலே பித்தளைத் தொட்டி, கீழே வரிசையாகக் குழாய்கள், இடையிடையே மெல்லிய செம்புத் தகடுகள். வண்டி பிறந்த ஊர் இங்கிலாந்தின் சோலிஹல். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி, குளிர்நாட்டுப் பண்ணைகளை மனத்தில் வைத்து உருவானது. மலாயாவில் அவசரகாலத்தின்போது ராணுவமும் தோட்டத் துரைமார்களும் இதை ஓட்டினார்கள். பிறகு கேமரன் மலை விவசாயிகளின் கைக்கு வந்தது.

தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி மலையேறும்போதுதான் ரேடியேட்டருக்குச் சோதனை. தாழ்ந்த கியரில் எஞ்சின் உறுமும், சக்கரமோ ஊரும். எதிர்க்காற்று கிடையாது, விசிறி இழுப்பதுதான் காற்று. 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

வயதான ரேடியேட்டர் இரு பக்கமும் அடைபடுகிறது. எஞ்சின் பிளாக்கின் துரு குழாய்களுக்குள் படியும், செம்மண் தகடுகளுக்கிடையே இறுகும். பட்டறையில் ஈயப்பற்றை உருக்கி மேல்தொட்டியைப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுத்தால் பழுப்புச் சேறு உதிரும். மீண்டும் பற்றவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடிப்பார்கள். குமிழி கிளம்பும் இடத்தில் ஓட்டை.

பெரிய ரேடியேட்டர் தேடுவதைவிட இப்படி அடைப்பை எடுப்பதே முதல் வேலை என்பேன். அடுத்தது விசிறியைச் சுற்றிய கூடு. அது இருந்தால்தான் விசிறி இழுக்கும் காற்று ஓரங்களில் நழுவாமல் ரேடியேட்டர் முழுவதும் பாயும். எம்ஜி, டிரையம்ப் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த அடைப்பும் காற்றுக் குறைவும்தான்.

சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பைபாஸ் வாயை அதுவே மூடும் அமைப்புள்ள எஞ்சினில், அதை எடுத்துவிட்டால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

மூடியும் முக்கியம். சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், தானா ராத்தாவிலும் 110 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காது. ரப்பர் வாசர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. மலையேறுமுன் மூடியை மாற்றிவிட வேண்டும்; எஞ்சின் ஆறியபிறகே அதைத் திறக்க வேண்டும்.